வரதட்சணைக் கொடுமை வழக்குல மாமியார் வீட்டு ஆளுங்க: எஃப்.ஐ.ஆர்லேருந்து ரத்து ஆர்டர் வரைக்கும்

ஒரு மகளிர் ஸ்டேஷன்ல பதிவாகற வரதட்சணைக் கொடுமை எஃப்.ஐ.ஆர எடுத்துப் பாத்தீங்கன்னா ஏ-1, அதாவது முதல் எதிரி, புருஷன், ஏ-2 மாமியார், ஏ-3 மாமனார், இதுவரைக்கும் முக்கால்வாசி கேஸ்ல ஒரே மாதிரிதான் இருக்கும். அதுக்குக் கீழ நாத்தனார், நாத்தனார் வீட்டுக்காரர், கொழுந்தன், ஓரகத்தி, சில கேஸ்ல வேற ஊர்ல இருக்கற சித்தப்பா, கல்யாணம் பேசி முடிச்ச தரகர்னு பேர் நீண்டுக்கிட்டே போகும். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஹைகோர்ட்டோ சுப்ரீம் கோர்ட்டோ ஏ-4லேருந்து கீழ இருக்கறவங்க மேல உள்ள வழக்க ரத்து பண்ணும், மறுநாள் பேப்பர்ல "வரதட்சணை வழக்கு ரத்து"ன்னு நாலு வரி வரும், படிக்கறவங்க "பாத்தியா, பொய் கேஸு"ன்னு ஒரே அடியா முடிவு கட்டிடுவாங்க. அந்த ஆர்டர முழுசா உக்காந்து படிச்சா வேற விஷயம் தெரியும். நிறைய ஆர்டர்ல கொடுமையே நடக்கலன்னு கோர்ட் சொல்லியிருக்காது, இந்த இந்த ஆள் இன்னது செஞ்சாங்கன்னு புகார்ல எழுதவே இல்லைன்னுதான் சொல்லியிருக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இருக்கு, அத யாரும் சரியா சொல்றதில்லைங்கறதாலதான் இத இவ்வளவு நீளமா எழுதறேன்.

சட்டம் எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் பாத்துடலாம். 1961லயே வரதட்சணைத் தடுப்புச் சட்டம் இருக்கு. ஆனா அப்ப வரதட்சணைன்னா கல்யாணத்துக்கு விலையா குடுக்கறதுன்னு ரொம்பக் குறுக்கி வச்சிருந்தாங்க, தாலி கட்டி முடிஞ்ச பிறகு வண்டி கொண்டா, பணம் கொண்டான்னு கேட்டா அது இதுல வராதுன்னு தப்பிச்சுக்க வழி இருந்துச்சு. எழுபதுகளோட கடைசியில தில்லியில ஸ்டவ் வெடிச்சுச்சு, சேலையில தீப்பிடிச்சுச்சுன்னு இளம் பொண்ணுங்க வரிசையா சாக ஆரம்பிச்சாங்க. 1979ல சத்யராணி சத்தாங்கற அம்மாவோட பொண்ணு, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியாம, தீக்காயத்துல போயிடுச்சு, ஸ்கூட்டர் கேட்டு நெருக்கினாங்கன்னு குற்றச்சாட்டு. அந்த அம்மா கோர்ட் கோர்ட்டா ஏறி இறங்கினது முப்பது வருஷத்துக்கும் மேல, மருமகனோட தண்டனைய தில்லி ஹைகோர்ட் உறுதி பண்ணினது 2013ல. அந்தக் காலத்துல சத்யராணியும் அவங்கள மாதிரி பொண்ண பறிகொடுத்த அம்மாக்களும் பெண்கள் அமைப்புகளும் தெருவுல இறங்கினதோட பலன்தான் 1983 டிசம்பர்ல இந்திய தண்டனைச் சட்டத்துல சேந்த 498ஏ, பொண்ண புருஷனோ அவன் வீட்டாரோ கொடுமைப்படுத்தினா தண்டிக்கற பிரிவு. 1984லயும் 1986லயும் வரதட்சணைச் சட்டத்தையும் திருத்தி, கல்யாணத்துக்கு முன்னால, கல்யாணத்தப்போ, அதுக்குப் பிறகு எப்ப கேட்டாலும் வரதட்சணைதான்னு ஆக்கினாங்க, அதே 1986ல வரதட்சணை மரணத்துக்கு 304பின்னு தனிப் பிரிவும் வந்துச்சு.

2024 ஜூலை 1லேருந்து புது சட்டம் அமல்ல இருக்கறதால 498ஏ இப்ப பாரதிய நியாய சன்ஹிதால 85, 86ஆம் பிரிவு, 304பி 80ஆம் பிரிவு. ஆனா கொடுமை நடந்தது அந்தத் தேதிக்கு முன்னாலன்னா எஃப்.ஐ.ஆர் இன்னைக்குப் போட்டாலும் பழைய பிரிவுதான் வரும், அதனால இன்னும் பல வருஷத்துக்கு கோர்ட் வராண்டாவுல ரெண்டு நம்பரும் சேந்துதான் காதுல விழும். தண்டனை 3 வருஷம் வரைக்கும், கூட அபராதம். ஜாமீன்ல விட முடியாத குற்றம்னு வச்சிருக்காங்க, அதாவது ஸ்டேஷன் ஜாமீன் உரிமையா கேக்க முடியாது, கோர்ட்டுக்குத்தான் போகணும்.

ஒண்ண நிறைய பேர் தப்பா நினைச்சுட்டு இருக்காங்க. வரதட்சணை கேட்டாத்தான் 498ஏ வரும்னு இல்ல. சட்டத்துல கொடுமைக்கு ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, பொண்ணு தற்கொலைக்குப் போற அளவுக்கோ, உடம்புக்கோ மனசுக்கோ உயிருக்கோ கடுமையான பாதிப்பு வர்ற அளவுக்கோ வேணும்னே நடந்துக்கறது. ரெண்டாவது, சொத்தோ பணமோ கேட்டு அவளையோ அவ வீட்டாரையோ தொல்லை பண்றது. முதல் வகைக்கு பணம் கேட்டிருக்கணும்ங்கற அவசியமே இல்லைன்னு 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் தெளிவாவே சொல்லிடுச்சு. புள்ள பொறக்கலன்னு அடிக்கறது, பூட்டி வச்சு பட்டினி போடறது, இதெல்லாமும் வரும். இது தெரியாம, புகார் எழுதிக் குடுக்கறவங்க எல்லாத்தையும் வரதட்சணைங்கற ஒரே கணக்குல கொண்டு வந்து நிறுத்தப் பாக்கறாங்க, உண்மையில நடந்தத விட்டுட்டு நடக்காத பணக் கணக்கு ஒண்ணு உள்ள வருது, பின்னால குறுக்கு விசாரணையில அதுதான் முதல்ல உடையுது.

எது வரதட்சணைங்கறதுலயும் கோர்ட்டே இழுபறியா இருந்துச்சு. 2007ல ஒரு மகாராஷ்டிரா கேஸ்ல, வீட்டுச் செலவுக்கோ வயலுக்கு உரம் வாங்கவோ மாமனார்கிட்ட பணம் கேட்டா அது வரதட்சணை ஆகாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லுச்சு, அத வச்சு எத்தனையோ பேர் வெளிய வந்தாங்க. 2015ல மூணு நீதிபதிகள் உக்காந்து அந்தத் தீர்ப்பு சரியில்லைன்னு ஒதுக்கினாங்க, 2022 ஜனவரில வீடு கட்ட பணம் கொண்டு வான்னு சொன்னதும் வரதட்சணைதான்னு இன்னொரு தீர்ப்பு. நம்ம ஊர்ல இது ரொம்ப முக்கியம், ஏன்னா இங்க பாதி பேர் வரதட்சணைங்கற பேரையே எடுக்க மாட்டாங்க, "உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறத செய்யுங்க"ன்னுதான் ஆரம்பிக்கும், நிச்சயத்துல 80 பவுன்னு பேசி, கல்யாணத்துல 60 போட்டு, மிச்சம் 20 தலை தீபாவளிக்கு, ஆடிச் சீருக்கு, வளைகாப்புக்குன்னு தவணை முறையில வசூல் நடக்கும். மனசாரக் கொண்டு போற சீர் வேற, குறைஞ்சுடுச்சுன்னு பொண்ண நிக்க வச்சுக் கேள்வி கேக்கறது வேற, இந்தக் கோட்டத்தான் கோர்ட்டுல நிரூபிக்கணும்.

சரி, தமிழ்நாட்டுல ஒரு பொண்ணு புகார் குடுக்கப் போனா என்ன நடக்குது? 1992லேருந்து இங்க அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கு, முதல் ஸ்டேஷன் சென்னை ஆயிரம் விளக்குல தொடங்கினது. புகுந்த வீடு இருக்கற ஊர்லதான் குடுக்கணும்னு இல்ல, அடிச்சு விரட்டி அம்மா வீட்டுல வந்து உக்காந்திருந்தா அந்த ஊர் ஸ்டேஷன்லயே குடுக்கலாம்னு 2019 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, இத இன்னமும் சில ஸ்டேஷன்ல "எங்க லிமிட் இல்லம்மா"ன்னு சொல்லி அனுப்பறாங்க, அப்படிச் சொன்னா ஒத்துக்க வேண்டாம். புகார வாங்கினதும் நேரா எஃப்.ஐ.ஆர் ஆகறதில்லை. புகார் வாங்கிக்கிட்டதுக்கு சி.எஸ்.ஆர்னு ரசீது ஒண்ணு குடுப்பாங்க, ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க, கவுன்சிலிங்னு ஒண்ணு நடக்கும், சில இடத்துல மாவட்ட சமூக நல அலுவலர்கிட்ட அனுப்புவாங்க, அவங்கதான் இங்க வரதட்சணைத் தடுப்பு அலுவலர். குடும்பத் தகராறு கேஸ்ல முதல்கட்ட விசாரணை பண்ணலாம்னு 2013 லலிதா குமாரி தீர்ப்பே இடம் குடுக்குது, ஆனா அது சீக்கிரம் முடிக்கணும்னும் அதே தீர்ப்புதான் சொல்லுது. நடைமுறையில மூணு மாசம், ஆறு மாசம்னு இழுக்கறதும், "அனுசரிச்சுப் போம்மா"ன்னு எழுதி வாங்கிட்டு திருப்பி அதே வீட்டுக்கு அனுப்பறதும் நடக்குது. அப்படிப் போன பொண்ணு திரும்பி வர்றப்ப நிலைமை முன்னவிட மோசமா இருக்கறத நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன்.

இப்ப புகாருக்கு வருவோம், மொத்த வழக்கும் இந்த ரெண்டு மூணு பக்கத்துலதான் நிக்குது. ஸ்டேஷனுக்கோ கோர்ட்டுக்கோ எதிர்ல இருக்கற டைப்பிங் கடையில அடிச்சுக் குடுக்கற புகார்ல நடுவுல ஒரு வரி தவறாம இருக்கும்: "மேற்படி எதிரிகள் அனைவரும் ஒன்று சேர்ந்து கூடுதல் வரதட்சணை கேட்டு என்னை உடல் ரீதியாகவும் மன ரீதியாகவும் கொடுமைப்படுத்தி வந்தனர்." பேர மட்டும் மாத்தினா யார் புகாருக்கும் பொருந்தும். கூடவே ஆபாசமா திட்டினாங்க, கொல்லுவேன்னு மிரட்டினாங்கன்னு ரெண்டு வரி, பெண் வன்கொடுமை தடுப்புச் சட்டத்துக்கு ஒரு வரி, எஃப்.ஐ.ஆர் பாக்க கனமா இருக்கும். அந்த ஒரு வரிய வச்சு கோயம்புத்தூர்ல இருக்கற மாமியார் என்ன செஞ்சாங்க, பெங்களூர்ல இருக்கற நாத்தனார் என்ன செஞ்சாங்கன்னு ஜட்ஜ் எப்படிப் பிரிச்சுப் பாப்பாரு?

இதே விஷயத்த இப்படிச் சொன்னா எப்படி இருக்கும்னு பாருங்க, உதாரணத்துக்கு நானே எழுதறது: தலை தீபாவளிக்கு எங்க வீட்டுக்குப் போய்ட்டு வந்த அன்னைக்கு ராத்திரி, மாப்பிள்ளைக்கு ஒரு பவுன் மோதிரம்தானான்னு மாமியார் ஹால்ல வச்சுக் கேட்டாங்க, என் வீட்டுக்காரர் பக்கத்துலதான் இருந்தாரு, ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில மாமனார் எங்க அப்பாவுக்கு போன் பண்ணி கடை விரிவு பண்ண 3 லட்சம் வேணும்னாரு. அடுத்த வாரம் அப்பா 1 லட்சம் ஜிபேல அனுப்பினாரு, மிச்சம் வரலன்னு பொங்கலுக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் கைய முறுக்கினதுல வீக்கம் வந்து ஜி.எச்ல ஓ.பி சீட்டு போட்டுக் காட்டினேன். இதுல ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஆள் இருக்கு, நாள் இருக்கு, இடம் இருக்கு, பின்னால ஒரு ஆதாரம் இருக்கு. போன் பண்ணினதுக்கு கால் ரெக்கார்ட், பணத்துக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட், அடிக்கு ஓ.பி சீட்டு. நாத்தனார் பேரே வரல பாருங்க, ஏன்னா இந்தச் சம்பவத்துல அவங்க இல்ல. இப்படி ஒரு புகார் வந்தா மாமியார் மாமனார் மேல உள்ள வழக்க ரத்து பண்றது அவ்வளவு லேசுல நடக்காது.

அப்ப ஏன் எல்லார் பேரையும் சேக்கறாங்க? கோபம் ஒரு காரணம், அதுல நியாயமும் இருக்கு, மகள் அடி வாங்கினப்ப கூடவே இருந்து வேடிக்கை பாத்தவங்கள எப்படி விடறதுன்னு பெத்தவங்க கேக்கறாங்க. ஆனா முக்கால்வாசி இடத்துல சொல்லிக் குடுக்கறதுதான். நாத்தனார் பேரச் சேத்தா அவங்க புகுந்த வீட்டுல பிரச்சனை வரும், வயசானவங்க பேரச் சேத்தா பையன் சீக்கிரம் இறங்கி வருவான், செட்டில்மெண்ட் தொகை கூடும்னு கணக்கு போடற வக்கீலுங்க இருக்காங்க, நடுவுல பேசற ஊர்ப் பெரியவங்களும் இருக்காங்க. அரசு வேலையில இருக்கற கொழுந்தன்னா சஸ்பென்ட் ஆவான்னு குறி வச்சே சேக்கறதும் நடக்குது. இது தப்புன்னு நான் வெளிப்படையாவே சொல்றேன், எதுவும் செய்யாத ஒரு பொண்ண, அவளும் இன்னொரு வீட்டுக்கு வாழப் போனவதான், ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் இழுத்து அலைய விடறது அநியாயம். அந்த அநியாயத்தோட விலைய கடைசியில குடுக்கறதும் புகார் குடுத்த பொண்ணேதான். ஆறு பேர்ல நாலு பேர் ரத்தாகி வெளிய வந்தா, அந்த ஆர்டர எதிர்த்தரப்பு வக்கீல் விசாரணையில ஜட்ஜ் முன்னால வச்சு மிச்ச ரெண்டு பேர் மேல சொன்னதும் இப்படித்தான்னு வாதாடுவாரு.

சுப்ரீம் கோர்ட் இத ஒரே நாள்ல புதுசா சொல்லல. 2010லயே ஜார்க்கண்ட் கேஸ் ஒண்ணுல வேற ஊர்ல இருக்கற சொந்தக்காரங்களச் சேத்தா ரொம்பக் கவனமா பாக்கணும்னு சொன்னாங்க. 2012ல உத்தரப் பிரதேச கேஸ்ல எஃப்.ஐ.ஆர்ல பேர் மட்டும் இருந்தா போதாதுன்னாங்க. 2022 பிப்ரவரியில பீகார் கேஸ்ல பொத்தாம்பொதுவா எல்லாரும் கொடுமைப்படுத்தினாங்கன்னு சொன்னத வச்சு மாமியார் வீட்டு ஆளுங்கள விசாரணைக்கு இழுக்க முடியாதுன்னு ரத்து பண்ணினாங்க. 2024 டிசம்பர் 10ஆம் தேதி, நீதிபதி நாகரத்னா இருந்த அமர்வு தெலங்கானா கேஸ் ஒண்ண ரத்து பண்ணுச்சு, குடும்பத்துல எல்லாரையும் சேக்கற போக்கப் பத்திக் கடுமையா எழுதுச்சு. ஆனா அதே தீர்ப்புலயே, உண்மையிலேயே கொடுமை அனுபவிச்ச பொண்ணுங்க வாய மூடிட்டு இருக்கணும்னு நாங்க சொல்லலன்னும் தெளிவா இருக்கு. பேப்பர்ல முதல் பாதி மட்டும்தான் வருது.

அந்த தெலங்கானா கேஸ்ல இன்னொண்ணும் வந்துச்சு, புருஷன் விவாகரத்துக்குப் போன பிறகு குடுத்த புகார், அதனால பழிவாங்கற நோக்கம்னு. இந்த வாதம் கிட்டத்தட்ட எல்லா ரத்து மனுவுலயும் வருது. சில கேஸ்ல உண்மையாவும் இருக்கும். ஆனா நம்ம வீடுகள்ல ஒரு பொண்ணு எப்ப ஸ்டேஷன் படி ஏறுதுன்னு யோசிக்கணும். அடி வாங்கின முதல் மாசம் ஏறாது. புள்ள இருக்கு, தங்கச்சிக்கு கல்யாணம் ஆகணும், ஊர் என்ன சொல்லும்னு அஞ்சு வருஷம் பொறுக்கும், அந்தப் பக்கத்துலேருந்து வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான், இனிமே காப்பாத்த எதுவும் இல்லைன்னு ஆன பிறகுதான் புகார் குடுக்கும். நோட்டீஸுக்குப் பிறகு வந்ததாலயே பொய்னு ஆகிடாது. இதுல சட்டத்துல ஒரு சிக்கலும் இருக்கு, 3 வருஷத் தண்டனைக்குள்ள வர்ற குற்றத்துக்கு 3 வருஷக் காலவரம்பு உண்டு, கொடுமை தொடர்ந்து நடக்கற குற்றம்ங்கறதால கடைசியா நடந்ததுலேருந்து எண்ணுவாங்க, அதுக்கு மேல பொறுத்தா கேஸே நிக்காமப் போயிடலாம்.

அரெஸ்ட் விஷயத்துல நிலைமை நிறையவே மாறிடுச்சு. ஒரு காலத்துல எஃப்.ஐ.ஆர் போட்ட அன்னைக்கே, குறிப்பா வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாத்து, மாமனார் மாமியாரத் தூக்கிட்டுப் போனது நடந்துச்சு. 2014 ஜூலை 2ஆம் தேதி அர்னேஷ் குமார் தீர்ப்பு வந்துச்சு. 2012ல மட்டும் 498ஏல 1,97,762 பேர அரெஸ்ட் பண்ணியிருக்காங்க, அதுல கால்வாசி பெண்கள், குற்றப்பத்திரிகை போடறது 93.6 சதவீதம், தண்டனை ஆகறது வெறும் 15 சதவீதம்னு அந்தத் தீர்ப்புலயே கணக்கு இருக்கு. அதனால 7 வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள குற்றத்துல ஏன் அரெஸ்ட் அவசியம்னு போலீஸ் காரணம் எழுதணும், இல்லைன்னா ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் குடுக்கணும், மாஜிஸ்திரேட்டும் கண்ண மூடிட்டு ரிமாண்ட் பண்ணக் கூடாதுன்னு ஆச்சு. பழைய 41ஏ நோட்டீஸ்தான் இப்ப புது நடைமுறைச் சட்டத்துல 35(3) நோட்டீஸ். அதனால இன்னைக்கு மாமியார் வீட்டு ஆளுங்க முன்ஜாமீனுக்குப் போனா பெரும்பாலும் கிடைக்குது, ஸ்டேஷன்ல வந்து கையெழுத்துப் போடணும்னு நிபந்தனையோட. "498ஏ போட்டா குடும்பமே ஜெயிலுக்கு"ன்னு இன்னும் பேசறவங்க பழைய காலத்துலயே நிக்கறாங்க.

இதுக்கு மேல ஒரு படி போய் 2017 ஜூலையில ரெண்டு நீதிபதி அமர்வு, மாவட்டத்துக்கு ஒரு குடும்ப நலக் கமிட்டி வச்சு, அவங்க ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அரெஸ்ட் கூடாதுன்னு சொன்னாங்க. அடுத்த வருஷமே, 2018 செப்டம்பர்ல, மூணு நீதிபதி அமர்வு சட்டத்துல இல்லாத கமிட்டிய கோர்ட் உண்டாக்க முடியாதுன்னு எடுத்துடுச்சு. முடிஞ்சுதுன்னு நினைச்சா 2025 ஜூலை 22ல, அலகாபாத் ஹைகோர்ட் 2022ல போட்ட விதிமுறைகள சுப்ரீம் கோர்ட் அமல்படுத்தச் சொல்லிடுச்சு. புகார் குடுத்து 2 மாசம் அரெஸ்ட் கிடையாது, அதுக்குள்ள கமிட்டி பேசிப் பாக்கும், 10 வருஷத்துக்குக் கீழ தண்டனை உள்ள பிரிவுகளோட வர்ற கேஸுக்கு மட்டும். அந்தக் குறிப்பிட்ட கேஸ்ல புருஷன் 109 நாளும் அவரோட அப்பா 103 நாளும் ஜெயில்ல இருந்தது பெரிய அநியாயமா கோர்ட்டுக்குப் பட்டுச்சு, அது புரியுது. ஆனா அர்னேஷ் குமார் தீர்ப்பே கண்டபடி அரெஸ்ட் பண்றத தடுக்கறப்ப இன்னொரு தடை எதுக்குன்னு எனக்கு விளங்கவே இல்ல. அடி வாங்கிட்டு வந்த பொண்ணுக்கு அந்த முதல் 2 மாசம்தான் ஆபத்தான காலம், நகையும் ரசீதும் பழைய போனும் காணாமப் போற காலமும் அதுதான்.

15 சதவீதம்தான் தண்டனைங்கறத வச்சு மிச்ச 85ம் பொய்னு சொல்றவங்களுக்கு, இந்த கேஸ் எப்படி முடியுதுன்னு சொல்லணும். 498ஏ சமரசம் பண்ணிக்க முடியாத குற்றம், ஆந்திராவுல மட்டும் 2003ல மாநிலத் திருத்தம் பண்ணி கோர்ட் அனுமதியோட சமரசம் ஆகலாம்னு வச்சாங்க, சட்டக் கமிஷன் 2012ல தன்னோட 243ஆவது அறிக்கையில நாடு முழுக்க அப்படிப் பண்ணலாம்னு சொல்லியும் இன்னும் நடக்கல. அதனால ரெண்டு பக்கமும் பேசி முடிச்சா என்ன பண்றாங்க? பரஸ்பர சம்மத விவாகரத்து, ஒரு மொத்தத் தொகை, நகை திருப்பி, அப்புறம் ஹைகோர்ட்டுல, நமக்கு சென்னையிலயோ மதுரைக் கிளையிலயோ, சேந்து ஒரு ரத்து மனு. 2003லேருந்து சுப்ரீம் கோர்ட் இதுக்கு வழி விட்டிருக்கு. அந்த மனு போட வசதியில்லாதவங்க என்ன பண்றாங்கன்னா, பொண்ணு கூண்டுல ஏறி "எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல"ன்னு சொல்லிட்டு இறங்கிடும், கேஸ் விடுதலையில முடியும், கணக்குல அது தோத்த கேஸ். பேசின தொகையோட கடைசித் தவணை அன்னைக்குத்தான் கைக்கு வரும். அது பொய் கேஸ் இல்ல, ஏழெட்டு வருஷம் வாய்தாவுக்கு அலைஞ்சு களைச்சுப்போன பொண்ணு எடுத்த முடிவு.

கிரிமினல் கேஸுக்குள்ளயே நிறைய பேர் மறந்துடற ஒண்ணு சீதனம். பொண்ணுக்குப் போட்ட நகை, குடுத்த பாத்திரம் பண்டம் எல்லாம் அவளோட தனிச் சொத்து, மாமியார் பீரோவுல வச்சிருந்தாலும் அவங்க வெறும் காவல்தான்னு 1985லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, திருப்பித் தரலைன்னா நம்பிக்கை மோசடி, பழைய 406, இப்ப 316. இங்க மாமியார் மேல வழக்கு நிக்கறதுக்கு இது பல நேரம் 498ஏவ விடப் பலமான பிடி. ஆனா அதுக்கு நகைக்கடை பில் வேணும், சீர் வரிசை லிஸ்ட் வேணும். குடுத்த பொருள எல்லாம் பட்டியல் போட்டு ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போடணும்னு 1985லேருந்து விதியே இருக்கு, நான் ஒரு கல்யாணத்துலகூட அத முறையாப் பண்ணிப் பாத்ததில்ல. பில்லு பத்திரம். வரதட்சணை குடுத்ததும் குற்றம்தானே, நம்ம மேலயும் கேஸ் வந்துடுமோன்னு பயப்படற அப்பாக்களுக்கும் ஒண்ணு சொல்லணும், பாதிக்கப்பட்டவங்க தன் வாக்குமூலத்துல குடுத்தேன்னு சொன்னத வச்சு அவங்க மேல வழக்கு போட முடியாதுன்னு வரதட்சணைச் சட்டம் 7ஆம் பிரிவுலயே பாதுகாப்பு இருக்கு.

கொடுமை சாவுல முடிஞ்சா கணக்கே வேற. கல்யாணமாகி 7 வருஷத்துக்குள்ள தீக்காயத்துலயோ தூக்குலயோ விஷத்துலயோ பொண்ணு இறந்தா, தமிழ்நாட்டுல ஆர்.டி.ஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை நடக்கும், பெத்தவங்க அங்க குடுக்கற முதல் வாக்குமூலம் ரொம்ப முக்கியம். துக்கத்துல, பிணத்த வாங்கினா போதும்னு "யார் மேலயும் சந்தேகம் இல்ல"ன்னு கையெழுத்துப் போட்டுட்டு ஒரு மாசம் கழிச்சு பேசினா அந்தக் கையெழுத்து கடைசி வரைக்கும் துரத்தும். சாவுக்கு முன்னால கொஞ்ச காலத்துக்குள்ள வரதட்சணை கேட்டுக் கொடுமை நடந்துச்சுன்னு அரசுத் தரப்பு காட்டிட்டா, அதுக்கு அவங்கதான் காரணம்னு சட்டமே அனுமானிக்கும், மறுக்க வேண்டிய பொறுப்பு எதிரிங்க மேல போயிடும், குறைஞ்சது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். அந்தக் கொஞ்ச காலம்னா முந்தின நாளேன்னு அர்த்தம் இல்ல, சாவோட தொடர்பு அறுந்து போகாம இருக்கணும்னு 2021ல சுப்ரீம் கோர்ட் விளக்கம் குடுத்துச்சு. இங்கயும் பேர் பேரா என்ன செஞ்சாங்கன்னு பாப்பாங்க, நாத்தனார் ஊர்ல இல்லைன்னா அவங்க வெளிய வந்துடுவாங்க. உத்தரப் பிரதேசத்துல 2001ல கலர் டிவி, மோட்டார் சைக்கிள், 15,000 ரூபா கேட்டு ஒரு சின்னப் பொண்ண எரிச்சுக் கொன்ன கேஸ், கீழ் கோர்ட் தண்டிச்சு, ஹைகோர்ட் விடுதலை பண்ணி, 2025 டிசம்பர்லதான் சுப்ரீம் கோர்ட் புருஷனோட, மாமியாரோட குற்றத்த திரும்ப நிலைநிறுத்துச்சு. அதுக்குள்ள மாமியாருக்கு 94 வயசு, ஜெயிலுக்கு அனுப்பலைன்னு விட்டுட்டாங்க. 2023ல மட்டும் நாட்டுல 6,100க்கு மேல வரதட்சணை மரணம் பதிவாகியிருக்கு, புருஷன், புருஷன் வீட்டார் கொடுமைன்னு பதிவான கேஸ் 1,33,000க்கு மேல.

உடனே பாதுகாப்பு வேணும்னா, தங்க இடம், செலவுக்குப் பணம், புள்ள கைக்கு வரணும்னா கிரிமினல் கேஸ மட்டும் நம்பி உக்காரக் கூடாது. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல மாஜிஸ்திரேட் கோர்ட்டுலயே மனு போட்டு அதெல்லாம் இடைக்கால ஆர்டரா வாங்கலாம், ரெண்டும் ஒரே நேரத்துல நடத்தலாம், ஒண்ணு இன்னொண்ணுக்குத் தடை இல்ல. போன்ல இருக்கற வாய்ஸ் மெசேஜ், வாட்ஸ்அப் எதையும் அழிக்காதீங்க, கோபத்துல பிளாக் பண்ணினாலும் சேட்ட வச்சுக்கங்க, அந்த போனையும் மாத்தாம வச்சுக்கங்க, கோர்ட்டுல குடுக்கறப்ப மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழோட குடுக்கணும்.

புகார டைப்பிங் கடையில குடுத்து அடிக்கறதுக்கு முன்னால ஒரு வக்கீல்கிட்ட உக்காந்து நடந்தத வரிசையா சொல்லிட்டுப் போங்க, வீட்டுல பெரியவங்க எல்லார் பேரையும் சேக்கச் சொன்னாலும் யார் செஞ்சாங்களோ அவங்க பேர மட்டும் எழுதச் சொல்லுங்க. அதுக்குக் காசு இல்லைன்னு நினைக்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உரிமைன்னு 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம் சொல்லுது, ஒவ்வொரு மாவட்டக் கோர்ட் வளாகத்துலயும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கு, போன்ல கேக்கணும்னா 15100, ராத்திரி நேரத்துல அடிச்சு வெளிய தள்ளிட்டா பெண்கள் உதவி எண் 181.